தவளக்குப்பத்தில் இடுப்பளவு தண்ணீர்

ரிப்பீட்டர் என்றால் பள்ளியில் சொன்னதையே திரும்பச் சொல்லும் மாணவன் என்று மக்கள் நம்புகிறார்கள். இதைவிடப் பெரிய பிழை புதுச்சேரி வரலாற்றில் நிகழ்ந்ததில்லை. ரிப்பீட்டர் ஒரு பெட்டி. கைக்கருவியில் பேசும் மெலிந்த குரலை வாங்கி, ஊர் முழுக்கக் கேட்கும்படி உரக்க அனுப்பும். புயலில் செல்போன்கள் செத்தாலும் இது பேசும். எங்கள் அமெச்சூர் வானொலி மன்றத்தின் பெட்டி என் வீட்டு மாடி அறையில் இருக்கிறது. நான் செயலாளர்.

பங்குனி மாதம் அந்த அறைக்கு ஆபத்து வந்தது.

"ஏங்க, மேல் ரூமைக் காலி பண்ணுங்க," என்றாள் என் மனைவி அஞ்சலாட்சி. "வடிவேலு வூட்டை இடிச்சிக் கட்டப் போறான். ஒரு வருசம் இங்க இருக்கட்டும்."

வடிவேல் அவள் தம்பி. தவளக்குப்பம்.

"அந்தப் பெட்டி மக்கள் சேவை, அஞ்சலை."

"பத்து வருசமா கேக்குறேன். 'கேக்குதா, ஓவர்.' 'கேக்குது, ஓவர்.' இதான சேவை?"

அவளை நெகிழ வைக்கத் தீர்மானித்தேன். ஞாயிறு காலை மன்றத்தின் புயல் பயிற்சி. அவள் பிறந்த ஊரிலேயே வெள்ளம் வரட்டும், பெட்டியின் அருமை புரியட்டும். அறிக்கையை நானே எழுதி, தவளக்குப்பம் போய் அங்கிருந்து கைக்கருவியில் படிக்கும்படி உறுப்பினர் ராஜாங்கத்திடம் கொடுத்தேன். ஒவ்வொரு செய்திக்கும் முன்னும் பின்னும் 'பயிற்சி' என்று சொல்வது எங்கள் வழக்கம். அந்தச் சொல்லை அஞ்சலாட்சி பால் வாங்கப் போயிருந்தபோது, எல்லாச் செய்திகளுக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லி முடித்துவிட்டோம்.

ஒலிபெருக்கியைச் சமையலறைப் பக்கம் திருப்பிவைத்தேன். ராஜாங்கம் தொடங்கினார்.

"தவளக்குப்பம் சந்திப்பில் இடுப்பளவு தண்ணீர். மக்கள் வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள். ஓவர்."

பின்னால் ஒரு குரல்: "வஞ்சிரம் முந்நூறு, முந்நூத்தம்பது..."

ராஜாங்கம் மீன் வாங்கத் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலேயே நின்றுவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது.

அஞ்சலாட்சி கரண்டியோடு வந்தாள். "இன்னாங்க, வெள்ளத்துல மீன் ஏலம் போடுறாங்க?"

"கடல் ஊருக்குள்ள வந்துடுச்சி. மீனும் கூடவே வந்திருக்கும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது.

"இங்க வெயில் கொளுத்துதே."

"புயலுக்கு எல்லை உண்டு."

"நெஜமாவே வெள்ளமா? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. பொய் சொல்ற பெட்டிய இன்னிக்கே இறக்கிடலாம்."

பத்து வருடச் சேவை என் கண்முன் வந்து நின்றது.

"நெஜம்தான்," என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"டேய் வடிவேலு, உங்க ஊர்ல இடுப்பளவு தண்ணியாம்டா... உனக்கு இன்னா தெரியும், நீ வூட்டுக்குள்ள இருக்க. ரேடியோவுல சொல்லிட்டாங்க. உங்க மாமாவே நெஜம்னு சொல்றாரு. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு கெளம்பு. கட்டில், பீரோ எதையும் வுட்டுட்டு வராத, நனைஞ்சிடும்."

"அஞ்சலை, தண்ணி ஒருவேளை வடிஞ்சிருக்கும்..."

"பெட்டி இன்னும் அப்படிச் சொல்லலியே."

பெட்டியைச் சொல்லவைக்க மாடிக்கு ஓடினேன். ராஜாங்கத்தைக் கூப்பிட்டேன். அவர் மீனோடு வீட்டுக்குப் போய், கருவியை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் வாசலில் மினி லாரி வந்து நின்றது. கட்டில், பீரோ, கிரைண்டர், இரண்டு பிள்ளைகள், வடிவேலின் மனைவி, அவன் மாமியார். எதிலும் ஒரு துளி ஈரம் இல்லை. வடிவேல் கூலிங்கிளாஸைக் கழற்றி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்ல நேரத்துல காப்பாத்துனீங்க மாமா. தண்ணி எப்ப வடியுதோ, அன்னிக்கே போயிடுறோம்."

"பெட்டி சொல்லும்டா," என்றாள் அஞ்சலாட்சி. "கொத்தனார மட்டும் நாளைக்கே வரச் சொல்லிடு."

பெட்டி இப்போது மாடிப்படிக்கு அடியில், செருப்புகளுக்குப் பக்கத்தில், நன்றாக வேலை செய்கிறது. வடிவேலின் புது வீடு ஜன்னல் மட்டத்துக்கு எழும்பிவிட்டது. தவளக்குப்பத்தில் வெள்ளம் இன்னும் வடியவில்லை.