இடைவேளை அண்ணையும் கடைசி லோஞ்சும்

நயினாதீவில் இடைவேளை அண்ணையைப் போல அதிகம் படம் பார்த்தவர் யாருமில்லை. அவரைப் போல ஒரு படத்தின் முடிவும் தெரியாதவரும் யாருமில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் போய் மத்தியானக் காட்சி பார்ப்பார். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் எழும்பி ஓடினால்தான் குறிகட்டுவான் துறைக்குப் போகும் பஸ் கிடைக்கும். அதை விட்டால் தீவுக்கு வரும் கடைசிப் படகான லோஞ்சும் போய்விடும். அவர் பார்த்த கதாநாயகிகள் எல்லோரும் இன்னமும் வில்லன் வீட்டில் கட்டுண்டுதான் கிடக்கிறார்கள்.

இதெல்லாம் அவருக்குப் பெரிய கவலையாக இருந்ததில்லை, பாட்டும் பகிடியுமான அந்தப் படம் வரும்வரை. மூன்று கிராமத்துக் கூத்தாடிகள் பேர் எடுக்கவென்று பட்டணம் போகிறார்கள். அலைந்து அலைந்து கடைசியில் ஒரு பெரிய மேடை கிடைக்கிறது. திரை விலகப் போகிறது. அண்ணை பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

அண்ணை எங்கள் நாடகக் குழுவின் ஆர்மோனியக்காரர். நான் ராணி வேடம். யாழ்ப்பாணத்து மேடையொன்றில் ஆட எங்களுக்கு முதன்முதலாக அழைப்பு வந்திருந்த நேரம் அது.

“அவங்கள் அந்த மேடையிலை வெண்டவங்களோ எண்டு தெரியாமல் நாங்கள் வெளிக்கிட ஏலாது” என்றுவிட்டார்.

யாரைக் கேட்பது? படம் பார்த்த தீவுக்காரர் எல்லோரும் அதே பஸ்ஸுக்கு ஓடிவந்தவர்கள். லோஞ்சை விட்டாலும் பரவாயில்லை என்று அண்ணை மறுபடி, இந்த முறை பின்னேரக் காட்சிக்குப் போனார். மறுநாள் காலை குழு முழுவதும் இறங்குதுறையில் காத்து நின்றது.

“என்னண்ணை, வெண்டவங்களோ?”

“திரை விலகேக்கை எழும்பி வந்திட்டன். சனம் கூக்காட்டினா என்னாலை பாக்க ஏலாதடா.”

லோஞ்சும் போச்சு, முடிவும் போச்சு என்று தலையில் கை வைத்தோம்.

“அப்ப நாங்கள் போறேல்லையோ?”

“போறம். இண்டுவரைக்கும் அவங்களுக்கு ஒருத்தரும் கூக்காட்டேல்லை. நாங்கள் வெளிக்கிட அது காணும்.”

போனோம். பின்னேர நாடகம் தொடங்கவே பிந்திவிட்டது. ராணி சிறைப்படும் காட்சியில் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். சட்டென்று ஆர்மோனியத்தை மூடித் தோளில் வைத்தார்.

“பஸ்!”

அரசன், மந்திரி, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நான், எல்லோரும் மேடையிலிருந்து குதித்து ஓடினோம். சனம் கை தட்டியதா, கூக்காட்டியதா என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை.

லோஞ்சில் ஏறியபிறகும் அண்ணைக்கு மூச்சு வாங்கியது. ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: “ஒருத்தரும் கூக்காட்டேல்லைத்தானே?”

“இல்லை அண்ணை” என்றேன்.

பல வருடம் கழித்துக் கொழும்பில் அந்தப் படம் திரும்ப ஓடியது. போய்ப் பார்த்தேன். எனக்கு அன்று பஸ்ஸும் இல்லை, லோஞ்சும் இல்லை. ஆனாலும் திரை விலகும் இடத்தில் எழும்பி வெளியே வந்துவிட்டேன். அண்ணை பார்க்காத முடிவைத் தனியாக இருந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.