பதினோரு கும்பிடு

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. இதை நல்ல குணம் என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன்.

தொண்ணூறுகளில் மைசூர் விஜயநகரில் ஒரு சின்ன கேபிள் சானல் ‘மூரு நிமிஷ’ என்ற அரசியல் நிகழ்ச்சியைத் தொடங்கியது. தேர்தலில் நிற்பவர்கள் ஆளுக்கு மூன்றே நிமிடம் கன்னடத்தில் பேச வேண்டும். அதன் வரலாற்றை யாராவது எழுதினால் முதல் பக்கமே என்னைப் பற்றித்தான் இருக்கும். அதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

கேபிள்காரர் மஞ்சுநாத் எங்கள் தெருக்காரர். “ஸார், டைம் பாக்க நம்பிக்கையா ஒரு ஆள் பேக்கு, வேணும். நீங்க மாடிப்படியைக்கூட எண்ணிட்டுதானே ஏறுவீங்க” என்றார். (பதினெட்டு படிகள்.)

நான் அரசாங்க குமாஸ்தா. ஓய்வுக்கு நூற்று நாற்பத்தேழு நாள் பாக்கி. கட்சி சார்பு என்று ஒரு புகார் போனால் பென்ஷன் அந்தரத்தில் தொங்கும். ஆனாலும் கடிகாரத்துக்கு ஏது கட்சி என்று ஒப்புக்கொண்டேன்.

நேரம் முடிந்தால் அடிக்க வைத்திருந்த மேஜை மணி, நிகழ்ச்சிக்கு அரைமணி முன்னால் ஸ்பிரிங் தெறித்துச் செத்தது. வீட்டுக்கு ஓடிப் பூஜை மணியை எடுத்தேன்.

“என்னங்க, அதை எங்க கொண்டு போறீங்க?” என்றாள் மனைவி சரோஜா.

“எலெக்‌ஷனுக்கு.”

“சாமி எந்தக் கட்சி?”

நேரடி ஒளிபரப்பு. மூன்று வேட்பாளர்கள். எதிரே நாற்பத்து மூன்று பேர். முதல் வேட்பாளர் “நான் உங்கள் வீட்டுப் பிள்ளை” என்று முடிக்கவும், மூன்று நிமிடம் ஆகவும் சரியாக இருந்தது. மணியை ஆட்டினேன்.

முன்வரிசையில் பதினோரு பேர் எழுந்து கைகூப்பினார்கள். ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேட்பாளரும் சும்மா இல்லை. வலது கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். காமிரா எல்லாவற்றையும் நிதானமாகக் காட்டியது.

இரண்டாமவர் துள்ளி எழுந்தார். “ஏன் ஸ்வாமி, அவருக்கு மட்டும் மங்களாரத்தியா? நீங்க கவர்ன்மென்ட் ஆளுதானே? எந்த ஆபீஸ்?”

என் பென்ஷன் கண்ணெதிரே நடந்து போனது. மைக்கைப் பிடுங்கி அறிவித்தேன்: “அவரைப் பதினோரு பேர் கும்பிட்டிருக்காங்க. மத்த ரெண்டு பேரையும் அதே பதினோரு பேர் கும்பிடணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

இரண்டாமவருக்கு மணியடித்தபோது பத்துப் பேர்தான் எழுந்தார்கள். பதினோராமவர் தூங்கிவிட்டார். அவரைத் தட்டி எழுப்பும்வரை மணியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அம்மாளுக்குக் கன்னத்தையும் நினைவூட்டினேன். மூன்றாமவருக்கு அடித்தபோது, பழக்க தோஷம், வேட்பாளரே கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டார்.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு புகார்.

“முதல் ஆளை எத்தனை பேர் கும்பிட்டாங்க?”

“பதினொண்ணு ஸார்.”

“மத்தவங்களை?”

“தலைக்குப் பதினொண்ணு ஸார். மூணாமவர் தன்னைத்தானே கும்பிட்டதைக் கணக்குல சேர்க்கலை.”

அவர் புகாரை இன்னொரு முறை படித்தார். “அப்போ இதுல சார்பு எங்கேய்யா இருக்கு?” என்று தாளை மடித்து டிராயரில் போட்டார். பென்ஷன் பிழைத்தது.

‘மூரு நிமிஷ’வும் பல வருடம் ஓடியது, எங்கள் பூஜை மணியோடு. மஞ்சுநாத் அதைத் திருப்பித் தரவேயில்லை. சரோஜா புதிது ஒன்று வாங்கினாள்.

இப்போதும் வீட்டில் நான் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினால் அவள் அதை எடுத்து ஆட்டுகிறாள். மகன், மருமகள், பேத்தி எல்லாரும் எழுந்து கைகூப்புகிறார்கள். மூன்று பேர்தான்.