மீன் குழம்பு இல்லாத விருந்துப் பட்டியல்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே உன் அண்ணியின் வலது மணிக்கட்டைத் தவிர எல்லோரும் எல்லாமும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் முழுசாகச் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மணிக்கட்டு குளியலறையில் வழுக்கியதால் வந்த வினை. ஆறு வாரம் மாவுக்கட்டு. வருஷா வருஷம் விடுமுறைக்கு நாம் கூடிச் சாப்பிடும் விருந்துக்கு இன்னும் பத்தே நாள் என்பதால், "என்னென்ன சமைக்கிறதுன்னு இந்தத் தடவை நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் கால அட்டவணை போட்டவனுக்கு ஏழு பதார்த்தம் எம்மாத்திரம் என்று நானும் கோடு போட்ட தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினேன். ஒட்டியதுதான் தப்பு. மருமகள் பார்த்துவிட்டு, "டாக்டர் உங்களுக்கு என்ன சொன்னாரு மாமா?" என்று கேட்டுக்கொண்டே பொரித்ததையெல்லாம் அடித்தாள். பெரியப்பா போனில், "புதுப் பல்செட்டுடா, இறைச்சிக்கு இன்னும் பழகலை" என்றார், இறைச்சி போயிற்று. மகன் பருப்பை விட்டுவிட்டானாம், ஏனென்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. சாயங்காலம் தாளில் சோறும் தண்ணீரும்தான் மிச்சம். அந்தத் தண்ணீரையும் யாரோ வெந்நீர் என்று திருத்தியிருந்தார்கள்.

மீன் குழம்பை நான் முதலிலேயே எழுதவில்லை. காரணம் உனக்குத் தெரியும். போன வருஷம் நீ ஒரு வாய் எடுத்து வைத்து, "அண்ணி, உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாய். அவள் "அப்படியா" என்றாள். அதற்கப்புறம் பதினோரு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை, நடுவில் நான்தான் தபால்காரன்.

நேற்று அவள் தாளைப் பார்த்துவிட்டு, "குழம்பு எங்க?" என்றாள்.

"வேண்டாம்னு விட்டுட்டேன்."

"அவளுக்காக விட்டீங்களா, எனக்காக விட்டீங்களா?"

இரண்டு வண்டி ஒரே இடத்தில் வந்து நின்றபோதுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை. "ரெண்டு பேருக்காகவும்" என்றேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதனால் கேட்கிறேன், வெறும் சோறே ஆனாலும் நீ வரவேண்டும். நீ இல்லாத மேஜையில் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு போன் போட்டு, 'சும்மா சொன்னேன் அண்ணி'ன்னு சொல்லிடேன், சொன்னா என்ன குறைஞ்சிடப் போவுது. உப்பு தூக்கல்தான், நானும்தானே சாப்பிட்டேன், ஆனா இந்த வீட்டுலயே இருந்துக்கிட்டு அதை நான் எப்படிம்மா சொல்றது. அவளுக்குத் தெரியாம எழுதறேன், படிச்சதும் கிழிச்சுடு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், வழுக்காத தரையில் நெடுநாள் நடக்க வேண்டும்.

உன் அண்ணன்

பி.கு.: உறை எடுக்க உள்ளே போனேன். உன் அண்ணி இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு உன்னோடுதான் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட நாளிலிருந்து தினமும் பேசுகிறீர்களாமே. ஏழு பதார்த்தமும் போன வாரமே முடிவாகிவிட்டதாம், குழம்பு வைப்பது நீயாம். "அப்புறம் என்னை எதுக்குப் பட்டியல் போடச் சொன்னே?" என்று கேட்டேன். "நாங்க நிம்மதியா பேச வேண்டாமா?" என்றாள். ஆகவே மேலே உள்ளதை நீ படிக்கவே வேண்டாம். எந்த வண்டியில் வருகிறாய் என்பதையாவது என்னிடம் சொல்.