அரை மணியில் தந்துவிடுகிறேன்

செமஸ்டரின் கடைசி வாரத்தில் மட்டும் கண்ணில் படுகிற ஒரு மாணவ இனம் உண்டு. மற்ற வாரங்களில் அது எங்கே வசிக்கிறது, எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று வகுப்பெடுக்கிற ஆசிரியர்களுக்குக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும். தாய்லாந்தின் வடகிழக்கே, ஈசான் பக்கத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் பின்வாசலில் பத்தொன்பது வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த இனம் வந்தால்தான் எனக்குப் பிழைப்பு, வந்தால் தலைவலி. நோட்டு இரவல்காரன் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் சுலபம். திங்கட்கிழமை காலையில் கடைக்குள் நுழைவான். வெள்ளைச் சட்டை பளபளவென்று இருக்கும். செமஸ்டர் முழுக்க வகுப்புப் பக்கமே போகாத சட்டை வேறு எப்படி இருக்கும்? கையில் ஒரு நோட்டு இருக்கும். அதுவும் அவனுடையது இல்லை.

"அக்கா, ரெண்டு செட் போடுங்க. சுருள் பைண்டிங். மேல் அட்டை நீலம்... ஐயோ வேணாம், பச்சை. போன தடவ நீலம் போட்டுத்தான் ஃபெயிலாயிட்டேன்."

இவனைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒரு வாரம் அவன் உழைக்கிற உழைப்பைப் பார்த்தால் கல்லும் கரையும். அட்டவணை போடுவான், அட்டவணைக்குக் கட்டம் போடுவான், கட்டத்துக்கு வண்ணம் அடிப்பான், வண்ணம் சரியில்லை என்று புது அட்டவணை போடுவான், வரிகளின் மேல் பூச ஐந்து நிறத்தில் பட்டைப் பேனா வாங்குவான், மேஜையைத் துடைத்து, பேனாக்களை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் ஐஸ் டீயை வைத்துப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவான், வருகிற பாராட்டுக்கெல்லாம் தனித்தனியாக நன்றி சொல்வான், பிறகு இவ்வளவு பாடுபட்ட உடம்புக்குப் பப்பாளி சாலட்டும் சுட்ட கோழியும் வேண்டாமா என்று எழுந்து போவான். படிப்பதைத் தவிர எல்லாம் நடக்கும்.

நேர்த்திக்கடனும் உண்டு. நூலகத்துக்கு எதிரே எங்கள் நிறுவனரின் சிலை இருக்கிறது. உயிரோடு இருந்தவரை அரை மார்க்குக்குக்கூட இறங்கி வராத மனிதர் என்பார்கள். செத்த பிறகு அவித்த முட்டைக்கு மசிகிறார் என்று பிள்ளைகளுக்கு நம்பிக்கை. பாஸானால் முப்பது முட்டை. பாஸாகாவிட்டால் ஒன்றும் கிடையாது. வியாபாரத்தில் இவர்கள் கெட்டி.

போன செமஸ்டரில் வந்தவன் பெயர் கெங். மூன்றாம் தடவையாகப் புள்ளியியல் எழுதுகிறான். அவன் கையில் இருந்த நோட்டு பியாதா என்கிற பெண்ணுடையது. முன் பெஞ்சுக்காரி, ஆசிரியர் தும்மினால்கூடத் தேதி போட்டு எழுதிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை நடக்கிற புள்ளியியல் தேர்வில் ஏ கிரேடு வாங்கினால் ஜப்பானில் ஒரு வருடம் படிக்க அவளுக்கு இடம். அவள் அம்மா சந்தையில் தேடி ஒரு குளிர்க்கோட்டு வாங்கி, எங்கள் ஊர் வெயிலில் அதைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். நோட்டை வாங்கும்போது கெங் சொன்னது ஒரே வாக்கியம்: "அரை மணியில தந்துடறேன்."

காப்பி எடுத்தாயிற்றே, நோட்டைக் கொடுத்துவிடலாம் அல்லவா? மாட்டான். காப்பி கறுப்பு வெள்ளை. பியாதாவின் நோட்டில் நாலு நிற மை. அசலில் படித்தால்தான் மனதில் நிற்குமாம். அது மட்டுமா? முக்கியமான வரிகளின் மேலெல்லாம் அடர்பச்சைப் பட்டைப் பேனாவால், அடுத்தவள் நோட்டு என்கிற எண்ணமே இல்லாமல், பட்டை பட்டையாக இழுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை பியாதா கடைக்கு வந்தாள்.

"அக்கா, கெங் வந்தானா?"

"நேத்துக் காலையிலயே வந்து போயிட்டான். ஏம்மா, நோட்டு இன்னும் தரலையா?"

"தருவான் அக்கா. படிச்சுட்டிருப்பான். கேட்டா தப்பா நினைச்சுப்பான்."

"உன் நோட்டை நீ கேக்கறதுக்கா?"

"இல்லக்கா... மூணாந்தடவ எழுதறான். பாவம்."

எங்கள் ஜனங்களின் தாட்சண்யம் இப்படிப்பட்டது. காலை மிதித்தவன் சும்மா நிற்பான். மிதிபட்டவர் மன்னிப்புக் கேட்பார். இரவல்காரன் பிழைப்பதே இதை நம்பித்தான். நோட்டு வைத்திருக்கிற எத்தனையோ பேரில், வாய்விட்டுக் கேட்கமாட்டாத ஒருவரை அவன் மோப்பம் பிடித்துவிடுகிறான்.

புதன்கிழமை அவள் அவனுக்குச் செல்போனில் ஒரு முயல் பொம்மைப் படம் அனுப்பினாள். 'நல்லாப் படிக்கிறியா?' என்று கீழே எழுதியிருந்தாள். என் நோட்டைக் கொடு என்று இதைவிடப் பட்டவர்த்தனமாக எங்கள் ஊரில் ஒரு பெண் எப்படிக் கேட்பாள்? கெங் பதிலுக்கு இரண்டு முயல் அனுப்பினான். 'நீயும் நல்லாப் படி' என்று வாழ்த்தும் சொன்னான்.

அன்று சாயங்காலமே பச்சைப் பட்டை போட்ட நோட்டை மறுபடி என்னிடம் கொண்டுவந்தான். வகுப்பில் பாதிப் பேருக்கு இப்போது அவன்தான் நோட்டு வள்ளல். "என்கிட்ட வாங்கிக்குங்க, நான் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறான். இருபது செட் போட்டேன். அடர்பச்சை மெஷினில் கறுப்பாகத்தான் விழும் என்பது என் தொழிலில் பாலபாடம். சொல்லவில்லை. வாடிக்கைக்காரன், முகம் வாடினால் நன்றாகவா இருக்கும்? 'அந்தப் பொண்ணு நோட்டை முதல்ல குடுப்பா' என்பதும் நாக்கு நுனி வரை வந்தது. "அட்டை பச்சைதானே?" என்றுதான் கேட்டேன்.

வியாழக்கிழமை பியாதா மறுபடி வந்து, குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

"அக்கா... புள்ளியியல் நோட்டு காப்பி ஏதாவது மிச்சம் இருக்கா?"

ஒரு செட் இருந்தது. தன் கையெழுத்தைத் தானே விலை கொடுத்து வாங்கினாள். நான் காசு வாங்கினேனா? வாங்கினேன். பிரித்துப் பார்த்தாள். சாதாரண வரிகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. எது முக்கியமோ அங்கெல்லாம் கறுப்புப் பட்டை.

"பரவாயில்லக்கா. பாதி ஞாபகம் இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை கெங் தேர்வுக்கு வந்தான். சீருடை பெல்ட் ஒருவனிடம் இரவல், கால்குலேட்டர் இன்னொருவனிடம், பென்சில் மூன்றாமவனிடம். தேர்வு அறை வாசலில் பியாதாவின் நோட்டை இரண்டு கையாலும் நீட்டி, தலை தாழ்த்திக் கும்பிட்டான்.

"ரொம்ப நன்றி பியாதா. இது மட்டும் இல்லாட்டி நான் செத்திருப்பேன்."

"பரவாயில்ல" என்றாள் அவள். உள்ளே மணி அடித்துவிட்டது.

முடிவு வந்தது. கெங்குக்கு ஸி, பாஸ். பியாதாவுக்கு பி ப்ளஸ். ஜப்பான் இடம் வேறொருத்திக்குப் போயிற்று.

அன்று மத்தியானம் கெங் முப்பது முட்டையோடு சிலைக்கு வந்தான். சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதில் அவன் சுத்தம், முட்டை விஷயத்தில். ஊதுபத்தி அணைந்ததும் படைத்ததை எல்லோருக்கும் பங்கு போட்டான். கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு நானும் போயிருந்தேன். பியாதாவும் வந்திருந்தாள், கூப்பிட்டு வராமல் இருந்தால் அவன் வருத்தப்படுவானாம். அவளுக்கென்று ஒரு முட்டையை அவனே உரித்தான்.

"நீயும் ஐயாகிட்ட வேண்டியிருக்கலாம்ல? அங்கதான் கோட்டை விட்டுட்ட. வெறுமனே படிச்சா போதுமா?"

பியாதா சிரித்தாள். முட்டையை வாங்கித் தின்றாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த முட்டைத் தட்டை அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்.

"பதமா அவிஞ்சிருக்கு தம்பி" என்றேன்.

இன்றுவரை அவனுக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரியாது. கேட்டுப் பாருங்கள், பியாதா என் உயிர்த்தோழி என்பான். கோட்டு இன்னும் சுவரில் தொங்குகிறது என்று அவள் என்னிடம் சொன்னாள், அதையும் சிரித்துக்கொண்டே.

நீங்கள் அப்படி இல்லை. படித்து முடித்து எத்தனை வருடம் ஆயிற்று, உங்களுக்கேது கடைசி வாரம்? சரி. உங்கள் வீட்டு அலமாரியைத் திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இப்போது கையில் வைத்திருக்கிறீர்களே, இந்தப் புத்தகம், இதன் முதல் பக்கத்தை மட்டும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். யார் பெயர் எழுதியிருக்கிறது? போன வாரம் அவர் உங்களுக்குச் சும்மா போன் செய்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாரா?

அவர் கேட்டது உங்கள் சௌக்கியத்தை இல்லை.