எலுமிச்சம்பழத்தில் ஏறாத ஸ்போர்ட்ஸ் கார்

படிக்காதவன் ஏமாற வேண்டுமென்றால் யாராவது ஒருவர் மெனக்கெட்டு வந்து அவனை ஏமாற்ற வேண்டும். படித்தவன் அந்தச் சிரமத்தைப் பிறருக்கு வைப்பதில்லை. தேவையான புத்தகங்களைத் தானே வாங்கி, அடிக்கோடிட்டுப் படித்து, தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வான். நான் நிறையப் படித்தவன்.

இன்னொன்றையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடலூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், மோட்டார் வாகனப் பிரிவில் எனக்கு வேலை. அடிபட்ட வண்டிகளின் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஓர் எழுத்து பிசகினாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிற உத்தியோகம். இருபத்தைந்து வருடமாக இதைத் திறம்படச் செய்து ஏராளமான வயிற்றெரிச்சலைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான், ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு கார் வாங்கினேன். (சாபம் பலிக்குமா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.)

சாதாரணக் கார் அல்ல. அறுபது, எழுபது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஓடிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரின் நகல். நீண்ட மூக்கு, உருண்டைக் கண்கள், கரும்பச்சை நிறம், கூரை என்ற ஒன்று கிடையாது. இதை 'ரெப்ளிகா' என்று சொல்ல வேண்டும். 'டூப்ளிகேட்' என்று சொன்னால் மரியாதை போய்விடும்.

அது சிதம்பரம் அண்ணாமலை நகரில், பணி ஓய்வு பெறவிருந்த ஒரு எஞ்சினியரிங் பேராசிரியரின் குவார்ட்டர்ஸ் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. ஒரு விபத்துக் கோப்புக்கு அவருடைய கருத்தைக் கேட்கப் போனவன், தார்ப்பாயின் ஓரத்தில் தெரிந்த வட்ட விளக்கைப் பார்த்துக் கோப்பை மறந்தேன். பல வருடமாகத் தன் கையாலேயே செய்த வண்டி என்றார். வீட்டைக் காலி செய்துவிட்டு பெங்களூரில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போவதால், மனசே இல்லாமல் விற்கிறாராம்.

"மார்க்கெட் இப்ப ரொம்ப சாஃப்ட்டா இருக்கு சார். போன வருஷம் ஒருத்தர் இதுக்கு டபுள் ரேட் கேட்டாரு. நான்தான் குடுக்கல."

"இப்ப அவரையே கேக்கலாமே?"

"அவரு இப்ப இல்ல."

இறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, நான் ஒரு கணம் மௌனம் காத்தேன். (அவர் எப்போதுமே இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது.)

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை உலகம் முழுக்க இறங்கியிருப்பதாக எழுதியிருந்தார்கள். ஊரே விற்கும்போது வாங்குகிறவன்தான் புத்திசாலி என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் சந்தை விழுந்து கிடப்பது வேறு, சந்தையே இல்லாதிருப்பது வேறு. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அப்படி ஒரு காரை விற்பதற்கு ஒருவர் இருந்தார், வாங்குவதற்கு ஒருவன் இருந்தான். அந்த ஒருவனும் வாங்கி முடித்துவிட்டால் மிச்சம் யார் என்று எந்தப் புத்தகமும் கேட்கவில்லை.

பணம்? என் மனைவி செங்கமலத்துக்கு அண்ணாகிராமம் பக்கத்தில் முப்பது சென்ட் முந்திரிக் கொல்லை இருந்தது. கல்யாணத்தின்போது அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. கொல்லையின் மூலையில் ஒரு பலா மரம். வருடா வருடம் அதன் முதல் பழத்தை அவளே போய் இறக்கி வருவாள். பள்ளியில் கணக்கு டீச்சர், ஒரு பைசா பிசகவிட மாட்டாள். கொல்லையை விற்றுக் காரை வாங்கி, விலை ஏறியதும் காரை விற்றுவிடலாம் என்ற என் கணக்கை அவள் நம்பினாள். இந்தக் கதையில் எனக்கு இன்னும் ஜீரணமாகாத இடம் இதுதான்.

அவள் தம்பி தனசேகர் அதே ஊரில் முந்திரி விவசாயம் செய்பவன். விஷயம் தெரிந்து வந்தான்.

"மாமா, ஒரு முந்திரி வெள்ளாமை பொறுத்துக்குங்க. நானே வாங்கிக்கறேன். அக்கா நெலம் வெளியாளுக்குப் போவ வேணாம்."

"மார்க்கெட் காத்திருக்காது தனசேகர்."

"நெலம் எங்க மாமா போவப் போவுது? அங்கயேதான கெடக்கும்."

பொருளாதாரம் தெரியாத பையன் என்று சிரித்தேன். நிலத்தின் விலையும் அப்போது விழுந்துதான் கிடந்தது. விழுந்த சந்தையில் வாங்குகிறவன் புத்திசாலி, சரி. விழுந்த சந்தையில் விற்று, விழுந்த சந்தையில் வாங்குகிறவனுக்கு என்ன பெயர் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

செங்கமலம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஒரு வருசத்துல வித்துட்டு, நெலத்தத் திரும்ப வாங்கிக் குடுத்துடுவீங்கல்ல?"

"அதுவரைக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்டாலே போதும். ஒண்ணுக்கு ரெண்டா வாங்கித் தரேன்."

கையெழுத்துப் போட்டாள்.

அப்போது ஆடி மாதம். ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் பேராசிரியர் இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தார். மூடநம்பிக்கையால் வரும் லாபத்தைப் பகுத்தறிவுவாதி விடுவானா? ஆனால் செங்கமலம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆடிப்பெருக்கன்று எடுக்கலாமே என்றேன். அன்று எனக்குச் சந்திராஷ்டமமாம். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஆடியில் பொருள்தான் வீட்டுக்கு வரக்கூடாது, பணம் போவதில் தோஷம் ஒன்றும் இல்லை. எனவே பணம் ஆடியிலேயே போயிற்று. வண்டியும் பேப்பரும் ஆவணி முதல் முகூர்த்தத்தில்.

பேராசிரியர் இதை ஆமோதித்த வேகத்தை நான் கவனித்திருக்க வேண்டும். "பேப்பரக்கூட ஆடியில தொடாதீங்க சார். நல்லதில்ல," என்றார். ஆவணியில் சாவியோடு ஒரு கவரைக் கொடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஒட்டியிருந்தது. "சாமி பாதத்துல வெச்சிட்டு அப்புறமாப் பிரிங்க." அவர் கண்கள் கலங்கியிருந்தன. பிரிவுத் துயர் என்று நினைத்தேன். விடுதலை பெற்றவர்களுக்கும் கண் கலங்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

வண்டிக்குப் பூஜை போட, சிதம்பரத்திலிருந்து திருவந்திபுரம் பெருமாள் கோயில் வரை ஓட்டி வந்தோம். பக்கத்தில் பட்டுப்புடவையில் செங்கமலம். பின்னால் பைக்கில் தனசேகர். கூரையில்லாத காரில் போவதன் சுகத்தைப் பற்றி எழுதியவர்கள் யாரும் புதுச்சத்திரம் பக்கம் மணல் லாரிக்குப் பின்னால் போனவர்கள் அல்ல. வந்து சேர்ந்தபோது எங்கள் இருவருக்கும் புருவம் நரைத்திருந்தது. வேகம் காட்டும் முள் வழி முழுக்க முப்பதிலேயே நின்றது. அது ஒரு மொபெட்டிலிருந்து எடுத்த மீட்டர் என்று பிறகு தெரிந்தது.

முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாப்பிள்ளை. கோயில் தெருவில் எங்கள் கார் நுழைந்ததும் மூன்று கல்யாணக் கூட்டம் வழி விட்டது. நாதஸ்வரக்காரர் ஒருவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் வாழ்வில் நான் மிக உயர்ந்து நின்ற நேரம் அது. சுமார் நாலு நிமிடம்.

அர்ச்சகர் தட்டோடு வந்தார். கவரைப் பிரித்து ஆர்.சி.யைத் தட்டில் வைத்தேன். குங்குமம் வைக்கக் குனிந்தவர், அப்படியே படித்தார். அப்புறம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வேன் எங்க நிக்குது சார்?"

"எந்த வேன்?"

"இதுல வேன்னு போட்டிருக்கே. வெள்ளக் கலர், எட்டு சீட்டு."

இருபத்தைந்து வருட அனுபவம் இரண்டு வினாடியில் வேலை செய்தது. ஒரு பழைய வேனை அறுத்து, அதன் எஞ்சின் மேல் ஃபைபர் உடம்பை உட்கார வைத்திருக்கிறார் மனிதர். ஆபீசில் இப்படி ஒரு கோப்பு வந்தால் சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருப்பேன். மாற்றத்துக்கு அனுமதி இல்லை. சட்டத்தின் கண்ணில் அந்த ஸ்போர்ட்ஸ் கார் பிறக்கவே இல்லை.

செங்கமலம் என்னைப் பார்த்தாள். "இன்னாங்க வேனு?"

"அது... பேப்பர்ல மட்டும்."

"பேப்பர்லதான கையெழுத்துப் போட்டேன்," என்றாள்.

அர்ச்சகர் நல்லவர். தெய்வத்துக்கு ஆர்.சி. முக்கியமில்லை என்று முடிவு செய்து, பூசணிக்காய் சுற்றி, நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். "ஸ்டார்ட் பண்ணி முன்னாடி எடுங்க."

எடுத்தேன். சிங்கம் போலக் கர்ஜித்தது. நகரவில்லை. இன்னும் மிதித்தேன். கர்ஜனை கூடியது, புகை வந்தது, கார் இருந்த இடத்திலேயே இருந்தது. எஞ்சின் வேனுடையது. கிளட்ச் வந்த வழியிலேயே தேய்ந்து போயிருந்தது; அது எதிலிருந்து எடுத்தது என்பது வண்டியைச் செய்தவருக்கே நினைவிருக்காது. எலுமிச்சம்பழங்கள் நாலும் மஞ்சளாக, உருண்டையாக, முழுசாக இருந்தன. அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரிஜினலாக இருந்தவை அவைதான்.

பின்னால் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வந்து தேங்கியது. இது வாடகைக்கு வந்த வண்டி என்று நினைத்து ஒரு பெரியவர் விசாரித்தார்: "மாப்பிள்ள, மாப்பிள்ளத் தோழன், அப்புறம் எங்க பேரப் புள்ளைங்க மூணு. எல்லாரும் ஒக்காரலாமா?"

"ரெண்டு பேர்தாங்க."

"அப்ப மாப்பிள்ள ஒக்காந்தா ஓட்றது யாரு, டிரைவரா? அப்ப ஒராளுதான்," என்று கணக்கு முடித்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை தனியாக வந்து நான் பார்த்ததே இல்லை. மடியில் ஒன்று, பக்கத்தில் இரண்டு என்று குழந்தைகளுக்கு நடுவில்தான் வருவான். இத்தனை வருடம் அதே ஊர்வலங்களின் பின்னால் நடந்து போய்ச் சாப்பிட்டவன், வாடகைத் திட்டம் போடும்போது இதை யோசிக்கவில்லை.

கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள்: "யோவ், அந்த எலுமிச்சம்பழத்த எடுத்துடுங்கய்யா. வண்டி பாவம்."

"பழத்த எடுக்கக் கூடாதுங்க, தோஷம்," என்றார் அர்ச்சகர்.

தனசேகர் பைக்கை நிறுத்திவிட்டு வந்து, காரின் பின்னால் கை வைத்தான். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். தள்ளுகிறவர்களுக்குத் தன் பாரமும் சேருமே என்று செங்கமலம் இறங்கப் பார்த்தாள். தனசேகர், "நீ ஒக்காருக்கா. ஒன் நெலந்தான, நீதான் ஒக்காரணும்," என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது. தவிலும் நாதஸ்வரமும் எதற்கென்று தெரியாமல் கெட்டிமேளம் கொட்ட, ஃபைபர் உடம்பில் எங்கோ விரிசல் விடும் சத்தத்தோடு என் ஸ்போர்ட்ஸ் கார் நாலு எலுமிச்சம்பழங்களை வென்றது. யாரோ அட்சதை போட்டார்கள்.

அதன் பிறகு அதை விற்க நான் பட்ட பாட்டை நீட்டவில்லை. வண்டிப் புரோக்கர் ஒருவர் பேப்பரைப் பார்த்துவிட்டுச் சொன்ன வாக்கியம் போதும்: "விக்கணும்னா பழையபடி வேனாக்கிக் கொண்டாங்க சார்."

ஒரு வருடம் ஆவதற்குள் அண்ணாகிராமம் பக்கம் சாலை அகலமாகப் போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, அந்தப் பேச்சுக்கே நிலத்தின் விலை ஏறியது. கொல்லையை வாங்கியவர் மனை பிரித்தார். தனசேகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். ஸ்பீக்கரில் கேட்டது: "பலா மரத்த வெட்டிட்டாங்கக்கா."

"சரிடா," என்றாள். வைத்துவிட்டு, பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். அன்று அவளிடம் ஒரு பிள்ளைகூட ஃபெயிலாகவில்லை என்று நினைக்கிறேன். என்னைத் தவிர.

கார் இப்போது பண்ருட்டிச் சாலையில் தனசேகரின் கொல்லை ஓரம் நிற்கிறது, சக்கரம் இல்லாமல், கல் முட்டுக் கொடுத்து. பலா சீசனில் அதன் மூக்கின் மேலும் இரண்டு சீட்டிலும் பழத்தை அடுக்கி வைத்து விற்கிறான். காரோடு படம் எடுக்க இறங்குகிறவர்கள் வெட்கத்துக்கு ஒரு பழமாவது வாங்கிப் போகிறார்களாம். அந்தக் கார் செய்த ஒரே வியாபாரம் அதுதான். வருடா வருடம் முதல் பழத்தை அக்காவுக்கு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவான். பழம் வந்த அன்று வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் தவறாமல் என்னிடம் கேட்பார்கள்: "மாமா, இது ஒரிஜினலா, ரெப்ளிகாவா?"

கொட்டைகளைச் செங்கமலம் குழம்புக்கு எடுத்து வைப்பாள். ஒன்றை மட்டும், நல்லதாகப் பார்த்து, சமையலறை ஜன்னலில் வைப்பாள். எதற்கு என்று சொன்னதில்லை. எங்கள் வீடு இரண்டாவது மாடியில். அடுத்த சீசனுக்குள் அது காய்ந்துவிடும். எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்று வைப்பாள்.

இந்த வருடம் பழம் வெட்டும்போது அவள் சித்தி மகள் வந்திருந்தாள். ஊருக்கே தெரிந்த கதையை முதல் முறை கேட்பவள்போல, "ஏங்க்கா, ஊரு பேப்பரயெல்லாம் லென்ஸ் வெச்சிப் பாக்கறவரு, சொந்த வண்டிய மட்டும் எப்படி ஆர்.சி. பாக்காம வாங்குனாரு?" என்றாள்.

செங்கமலம் எண்ணெய்க் கையோடு சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"பாக்காம வாங்கறது நம்ம வீட்லயும் வழக்கந்தான்டி. எங்கப்பா இவர அப்படித்தான முடிச்சாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் ஒரு கொட்டையைக் கழுவித் துடைத்து, ஜன்னலில் வைத்தாள்.