காத்து மாதிரி போகுது

அலுவலகத்துக்கு இன்னும் இரண்டு தெரு இருக்கும்போது கண்காணிப்பாளரின் கார் அவளை உரசுகிற மாதிரி வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்ன வாசகம், சைக்கிளைத் தள்ளிட்டுப் போறே?"

"பஞ்சர் சார்."

அவர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு டயரும் கல்லு மாதிரி இருக்கே?"

"உள்பக்கம் பஞ்சர் சார்."

"ஓ, உள்பக்கமா" என்று விஷயம் தெரிந்தவர்போலத் தலையாட்டிவிட்டு அவர் போனார்.

மாநகராட்சி விளம்பரப் பிரிவில் அவளை எல்லோரும் வாசகம் என்றுதான் கூப்பிடுவார்கள். 'சைக்கிளில் வா, நகரம் மூச்சு விடட்டும்' என்று சுவருக்குச் சுவர் இருப்பது அவள் எழுதியது. 'காரில் தனியாகப் போகிறவரே, மீதி நாலு சீட்டில் யார், உங்கள் தலைக்கனமா?' என்று எழுதியதை மட்டும் மேலிடத்தில் அடித்துவிட்டார்கள்.

எழுதினாளே தவிர, அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. அண்ணனுடையது. அவளுக்குப் பின்சீட்டு. பள்ளிக்கூடம் போன பத்து வருஷமும் அவள் பார்த்த உலகம், அண்ணனுடைய சட்டையின் முதுகுதான். ஒரே ஒரு தடவை கொடு என்று கேட்டால், "உனக்கெல்லாம் வராதுடி" என்பான். "கை காலை உடைச்சுக்கிட்டா யாரு கட்டிப்பாங்க?" என்று அம்மா ஒத்து ஊதுவாள். அந்த வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் அவள். பட்டம் வாங்குகிறவரை பொறுத்துக்கொண்ட வீடு, சைக்கிளை மட்டும் கடைசிவரை தரவில்லை.

இப்போதும் பாலத்துச் சரிவில் பள்ளிக்கூடப் பெண்கள் மிதிக்காமலே, பின்னல் பறக்க இறங்கி வருவதைப் பார்த்தால் அவளால் கண்ணை எடுக்க முடியாது. அதைப் பார்த்துக்கொண்டே நின்று எத்தனையோ பஸ்ஸை விட்டிருக்கிறாள்.

போன மாதம் கமிஷனர் ஒரு கேள்வி கேட்டார். "ஊருக்கெல்லாம் சொல்ற நீங்க எதுல வர்றீங்க?" அடுத்த வாரமே முப்பது புது சைக்கிள்கள் வந்து இறங்கின. புடவையோ பேன்ட்டோ மாட்டாதபடி பக்கவாட்டில் முழுக்கத் தகர உறை போட்டு மூடிய அழகான வண்டிகள்.

"சார், இன்னும் ஒரு சாமான்..." என்று கிடங்குக்காரர் ஆரம்பித்தார்.

"எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்யா. போட்டோ எடுக்கணும், நகரு" என்றார் கண்காணிப்பாளர். பிறகு எல்லோரையும் பார்த்து, "ஓட்டத் தெரியாதவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க" என்றார்.

இன்னொரு கை தூக்கியிருந்தால் அவளும் தூக்கியிருப்பாள். யாரும் தூக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், ஆளில்லாத பின்சந்தில், சுவரைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். மிதித்தாள். கால் சுற்றியது. வண்டி போகவில்லை. சாய்ந்து அவளைச் சுவரோடு அப்பியது. திரும்ப ஏறினாள். திரும்பவும் அதே. ஏழாவது தடவை முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. ஆறு வயசுக் குழந்தைக்கெல்லாம் வருகிறது. அண்ணன் சொன்னது சரிதானோ என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தாள். முழங்கையைவிட அதுதான் எரிந்தது.

அன்றிலிருந்து தினமும் மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுதான் வருகிறாள்.

உள்பக்கப் பஞ்சருக்குப் பிறகு அவள் உஷாரானாள். யார் கண்ணிலும் படாமலிருக்க ஏழு மணிக்கே வந்து வண்டியை நிறுத்திவிட்டாள். விளைவு, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கண்காணிப்பாளர் வாட்ச்மேனின் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"தினம் முதல் ஆளா வர்றது யாரு? நம்ம வாசகம்! நான்கூட விடிகாலையிலயே பத்து கிலோமீட்டர் மிதிச்சு முடிச்சிடுறதால ஆபீசுக்குக் கார்ல வர்றேன். இந்தப் பொண்ணு பாருங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

"வண்டி அப்படி சார். காத்து மாதிரி போகுது" என்றார் கணக்கர், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"எனக்கு வீட்டுலேர்ந்து பத்தே நிமிஷம்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர்.

இந்த அம்மாவுக்கே வருகிறது. வயிறு எரிந்தது அவளுக்கு.

"அடுத்த சனிக்கிழமை ஊர்வலத்துக்கு முன்னாடி போகப் போறது நம்ம வாசகம்தான்!"

"சார், எனக்கு முழங்கால் வலி."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டே நாளில் பஸ் நிறுத்தத்துக்கெல்லாம் பேனர் வந்துவிட்டது. சைக்கிளைப் பிடித்தபடி அவள். கீழே 'முழங்கால் வலித்தாலும் மிதிக்கிறாள், உனக்கு என்ன வலி?'

வேறு ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். "வேலையா வந்த என் ஃபிரண்டு ஒருத்தன் உன் பேனரைப் படம் எடுத்து அனுப்பினான்டி. நிஜமா ஓட்டுறியா?"

"ஏன், எனக்கு வராதா?"

"வரும்டி. நான்தான் குடுக்கல" என்றான். "சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். அத்தை ஓட்டுறதை அவ பார்க்கணும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

சனிக்கிழமை காலை முப்பது சைக்கிள்களும் பாலத்து உச்சியில் வரிசையாக நின்றன. எதிரே அவள் ஆசைப்பட்ட அதே சரிவு. ஓரத்தில் அண்ணன். அவன் தோளில் உட்கார்ந்து பாப்பா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி அந்தக் குழந்தைக்குக் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

கண்காணிப்பாளர் ஒரு கையில் மைக்கும் மறு கையில் கொடியுமாக வந்தார். "ம், ஏறும்மா!"

"எனக்கு ஓட்டத் தெரியாது சார்."

மைக் அதைப் பாலம் முழுக்கச் சொன்னது.

"என்னது?"

"ஒரு மாசமா தள்ளிட்டுத்தான் வர்றேன். ஏறிப் பார்த்தேன். மிதிச்சா வண்டி நகரவே மாட்டேங்குது. எனக்கு வரல சார்."

கண்காணிப்பாளருக்கு முகம் சிவந்தது. "ஊரையே ஏமாத்தியிருக்கியே! இத்தனை பேர் தினம் ஓட்டிட்டு வரல? இதே வண்டியில நான் பத்து கிலோமீட்டர் போறேன். உனக்கு மட்டும் என்ன கேடு? சொல்லுங்க கணக்கர், வண்டி எப்படிப் போகுது?"

"காத்து மாதிரி சார்" என்றார் கணக்கர், மெதுவாக. டைப்பிஸ்ட் அம்மா குனிந்து மணியைத் துடைக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் சாலையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு மூச்சு வாங்க ஓடி வந்தார் கிடங்குக்காரர். மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டார். உள்ளே இரும்பு கலகலத்தது.

"நல்லவேளை, இன்னும் கிளம்பலையா? அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க விடல. முப்பது சைக்கிளுக்கும் மாட்ட வேண்டிய செயின் இப்பதான் சார் வந்து சேர்ந்துச்சு!"