நூற்று அறுபது வருடக் கறுப்பு

காசில் புளி வாசம் அடித்தபோதே சத்தியநாதன் உள்ளே பார்த்துக் கத்தினார்.

"ரத்தினா! என் காலணாவை யார் தேய்ச்சது?"

"எல்லம்மாவாத்தான் இருக்கும். கிறிஸ்மஸ் வருதுன்னு காலையில வேலைக்கு வந்தவ பித்தளைச் சிலுவை, விளக்கு எல்லாம் தேய்ச்சா. நீங்க அது பக்கத்துலயே காசை எடுத்து வச்சிருந்தீங்க," என்றாள் மனைவி ரத்தினபாய்.

அது சாதாரணக் காலணா இல்லை. விக்டோரியா ராணி காலத்தில் மாதிரிக்கு அடித்துப் பார்த்து, பிடிக்காமல் கைவிட்ட செப்புக் காசு. கடைத்தெருவையே பார்க்காதது. அதன் கறுப்பில்தான் அதன் மதிப்பு. சேகரிப்பவன் எவனும் தேய்க்க மாட்டான். இப்போது அது கல்யாண வீட்டுச் செம்பு மாதிரி பளபளத்தது.

நாலு மணிக்கு நாணயச் சங்கத் தலைவர் ஷ்யாம்சுந்தர் தாம்பரத்திலிருந்து சேலையூருக்கு வருகிறார், கண்காட்சியின் முன்வரிசைக் கண்ணாடிப் பெட்டிக்குக் காசு தேர்ந்தெடுக்க. போன பிப்ரவரியில் இதே காசைப் பார்த்து, "இந்தக் கறுப்பை மனுஷன் செய்ய முடியாது சார், காலம்தான் செய்யணும்" என்று கண் கலங்கியவர். பதினோரு வருடமாக அந்தப் பெட்டிக்கு ஏங்கிய சத்தியநாதன் விடுவாரா?

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் ரத்தினபாய்.

"நீ சும்மா இரு. கறுப்பாக்காம விடமாட்டேன்."

யூடியூபில் வழி கிடைத்தது. அவித்த முட்டையை நசுக்கி, காசோடு டப்பாவில் போட்டு மூடினார். நன்றாக ஏறட்டும் என்று மூன்று மணி நேரம் விட்டார். திறந்தால், தோசைக்கல். ராணியின் மூக்கைக் காணோம்.

எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார். மூக்கு வந்தது, கூடவே முகமெல்லாம் தேமலும் வந்தது. தேமலை மறைக்க உப்பும் வினிகரும் தடவினார். பச்சை பூத்தது.

"இப்பவாவது நான்..."

"ரத்தினா, ப்ளீஸ்!"

காலிங் பெல் அடித்தது.

ஷ்யாம்சுந்தர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்த்தார். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?"

"வேலைக்கார அம்மா தெரியாம தேய்ச்சுட்டாங்க சார்," என்றார் சத்தியநாதன்.

"நூத்தறுபது வருஷக் கறுப்பு! கோடி கொட்டினாலும் இனி வருமா?"

சாயங்காலப் பாத்திரம் தேய்க்க வந்த எல்லம்மா வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா சார் இம்மாம் பேஜாரு? போன கிறிஸ்மஸுக்கும் நான்தான் தேச்சேன். அம்மா முட்டைய வச்சு அரை மணி நேரத்துல கறுப்பாக்கி எடுத்துட்டாங்களே, அவங்கள ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"